பிளான் பாஸாக இவ்வளவு கட்டணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூலை 1 வந்தால் போதும், இங்கே டர்பனில் நகராட்சிக் கட்டணங்கள் எல்லாம் ஏறிவிடும், வீட்டு பிளான் ஒப்புதல் கட்டணமும் சேர்த்துத்தான். மகனுக்குக் கல்யாணம், வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் சின்னச் சமையல்கட்டும் கட்டலாம் என்று பார்த்தால் ஒரு செங்கல் வாங்கும் முன்பே சதுர மீட்டர் கணக்கில் ராண்ட் கரைகிறது, பிளான் வரைபவர் கூலி வேறு. சரி, கட்டித் தொலைக்கிறோம். ஆனால் தென்னாப்பிரிக்காவின் 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டுமே? மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். ஒப்புதல் வாங்கிய நாம் 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் மட்டும் அது காலாவதி! இப்படியே போனால் எல்லோரும் அனுமதி கேட்காமலே கட்டிவிடுவார்கள், அப்புறம் வீட்டை விற்கும்போதுதான் வம்பு. அந்த 30 நாள் கெடு தாண்டினால் நகராட்சி கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரட்டும்.

ஒரு வாசகர், டர்பன்