நெல்லை வட்டாரக் கணினித் துறை ஆசிரியர்களுக்கு: அசர்ட்டுக்கும் கொஞ்சம் மார்க்கு போடுங்கள்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம். அசர்ட், அதாவது "இந்த இடத்தில் இது உண்மையாக இருக்கணும், இல்லையென்றால் நின்றுவிடு" என்று புரோகிராமுக்குள் எழுதும் வரி, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

லேப் தேர்வில் அவுட்புட் வந்தால் மார்க்கு, புரோகிராம் நடுவில் நின்றால் வெட்டு. நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் படித்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் பிள்ளைகள், தப்பு நடந்தாலும் சத்தம் காட்டாமல் கடைசிவரை ஓடுகிற புரோகிராமை எழுதப் பழகிவிடுகிறார்கள்.

ஒரு பையன் அணை நீர்மட்டம் காட்டும் புராஜெக்ட் செய்கிறான் என்று வையுங்கள். பாபநாசத்தின் உச்ச மட்டம் 143 அடி, மணிமுத்தாறுக்கு 118. கோடில் எங்கோ இரண்டு அணைகளின் அன்றைய மட்டமும் இடம் மாறி, மணிமுத்தாறில் 131 அடி என்று திரையில் வருகிறது, பக்கத்தில் கலர் கலராக கிராஃப் வேறு, பார்க்கிற எக்ஸ்டர்னலும் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) தலையாட்டிவிட்டுப் போகிறார். மட்டம் உச்சத்தைத் தாண்டாது என்று ஒரே ஒரு அசர்ட் எழுதியிருந்தால் புரோகிராம் அந்த வரியிலேயே நின்று, ஏலே, இங்கே பாரு என்று காட்டியிருக்கும். அப்படி நின்றதற்கா மார்க்கு குறைப்பது?

இது புதுச் சரக்கும் இல்லை. புரோகிராம் எழுதுகிறவர் அங்கங்கே இப்படி "இங்கே இது உண்மை" என்ற கூற்றுகளை எழுதி வைத்தால், சரிபார்க்கிறவர் ஒவ்வொன்றாகப் பார்த்து முழுவதும் சரி என்ற முடிவுக்கு வரலாம் என்று கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1949-லேயே கேம்பிரிட்ஜில் சொல்லிவிட்டார்.

ஆனால் எங்கே போடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். பயனர் தட்டச்சு செய்வதைச் சோதிக்க அசர்ட் ஆகாது, அதற்கு இஃப் இருக்கிறது. சி மொழியில் என்டிபக் (NDEBUG) என்ற பெயரை டிஃபைன் செய்து கம்பைல் செய்தால் அசர்ட் எல்லாம் காணாமல் போகும், பைத்தானை ஓட்டும்போது மைனஸ் ஓ (-O) என்ற ஆப்ஷன் கொடுத்தாலும் அதே கதை, ஜாவாவில் நாமாகக் கேட்டால்தான் அது வேலையே செய்யும். ஆகவே ஃபைலை அழிக்கிற ஃபங்ஷனை அசர்ட்டுக்குள்ளேயே கூப்பிட்டால், லேப்பில் ஃபைல் அழியும், வாடிக்கையாளரிடம் போனதும் அழியாது. அப்புறம் ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான்.

நான் கேட்பது சின்ன விஷயம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "இந்த வரிக்கு வரும்போது எது கட்டாயம் உண்மையாக இருக்கணும்?" என்று கேளுங்கள். பைனரி சர்ச்சிலிருந்தே, அதாவது வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறையிலிருந்தே, தொடங்கலாம்: உள்ளே வரும் வரிசை ஏறுமுகமாக இருக்கிறதா என்று முதல் வரியில் ஒரு அசர்ட். அதைச் சோதிக்கவே வரிசை முழுக்க நடக்க வேண்டுமே, அப்புறம் பைனரி சர்ச் எதற்கு என்று எந்தப் பிள்ளையாவது எதிர்க்கேள்வி கேட்டால், அந்தப் பிள்ளைக்கு முழு மார்க்கு போட்டுவிடுங்கள்.