சிதறால் மலைக்குகையைச் சிதையாமல் சுற்றுலாவுக்கு மேம்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
சிதறால் சுற்றுவட்டார ஊர்மக்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: சிதறால் திருச்சாரணத்துமலைக் குகைக்கோவிலுக்கு வருவோருக்கான வசதிகளை அடிவாரத்திலேயே அமைத்தல் – மலைமேல் புதுக் கட்டுமானம் எதுவும் வராமல் காத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எங்கள் சிதறால் மலையின் உச்சியில், முன்னோக்கி நீண்டு கவிந்த ஒரு பெரும்பாறையின் அடியில் அமைந்த இயற்கைக் குகையும், அதை ஒட்டிய மண்டபமும், பாறைமுகத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்ட, சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ளன. ஐந்தலை நாகம் குடைபிடிக்க நிற்கும் தீர்த்தங்கரர் பார்சுவநாதரையும், சிங்கத்தோடும் குழந்தைகளோடும் காட்டப்பட்டுள்ள அம்பிகா இயக்கி என்னும் சமணப் பெண் தெய்வத்தையும் காண வெளிமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இப்பகுதியை ஆண்ட ஆய் குல மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயிற்குடி அரிட்டநேமி பட்டாரர் என்னும் சமணத் துறவியின் மாணவியான குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள பகவதிக்குப் பொன் அணிகலன் அளித்த செய்தி இம்மலையிலேயே கல்வெட்டாக உள்ளது. ஒரு சமணப் பெண் துறவி தம் பெயரில் அளித்த கொடை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் நிற்பதை எங்கள் ஊரின் பெருமையாகவே கருதுகிறோம். ஆனால் மலையேறி வருபவர்களில் பெரும்பாலோர் இதை அறியாமலேயே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இந்தக் குறையே இம்மனுவை எழுத எங்களைத் தூண்டியது.

குகை ஒன்றை மக்கள் காணத்தக்க இடமாக மாற்றுவது எப்படி என்பதற்கு ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்தின் பேலம் குகையைச் சான்றாகச் சொல்லலாம். 3,229 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுண்ணாம்புக்கல் குகை ஒரு காலத்தில் சுற்றுப்புறத்துக் குப்பைகளைக் கொட்டும் இடமாக இருந்தது. ஊர்மக்களின் முயற்சியாலும், பின்னர் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பாதைகளும் விளக்குகளும் காற்றோட்ட வசதியும் அமைத்ததாலும், 2002ஆம் ஆண்டு அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே ஊரார் காட்டிய அக்கறையை நாங்களும் காட்ட அணியமாக இருக்கிறோம். எனினும் அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்யக் கூடாது என்பதையும் பணிவோடு தெரிவிக்க விரும்புகிறோம். பேலம் நிலத்துக்கு அடியில் நீண்டு செல்லும் இருட்குகை ஆதலால், விளக்கும் காற்றும் இல்லாமல் உள்ளே செல்ல இயலாது. சிதறாலோ திறந்த மலைமுகட்டில் பகலொளி படும் பாறைக்குடை. இங்கே வண்ண விளக்கும், பாறையில் துளையிட்டுப் பொருத்தும் கம்பிகளும் சிற்பங்களுக்குக் கேடாகவே முடியும். மலைக்கு இழுவை ஊர்தி, உச்சியில் உணவகம் போன்ற யோசனைகள் எப்போது எழுந்தாலும் அவற்றை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கல் பாவிய பாதையில் மரநிழலில் நடந்து ஏறுவதே இவ்விடத்தின் சிறப்பு.

இச்சின்னம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தொன்மைச் சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் சொல்லப்பட்டுள்ளபடி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி தேவை. ஆகவே கழிப்பறை, குடிநீர், வாகன நிறுத்தம், முதியோர் அமர்ந்து இளைப்பாறும் கொட்டகை ஆகியவற்றை இந்த எல்லைகளுக்கு வெளியே, அடிவாரத்தில், ஊராட்சியின் பொறுப்பில் அமைத்துத் தர வேண்டுகிறோம். ஞெகிழிப் பைகளையும் புட்டிகளையும் அங்கேயே பெற்றுக்கொண்டு, இறங்கும்போது திருப்பித் தரும் ஏற்பாடும் வேண்டும். மலைமேல் வீசப்படும் குப்பை முதல் மழைக்கே மேலுள்ள சுனைக்குள் வந்துவிடுகிறது.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அம்மாதங்களில் பாறை பாசி பிடித்து வழுக்கும். ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இடி மின்னலோடு மழை திரளும்போது, மரமற்ற மொட்டைப் பாறையில் நிற்பது உயிருக்கே ஆபத்து. எனவே வானிலை எச்சரிக்கை உள்ள நாள்களில் அடிவார வாயிலிலேயே மக்களுக்குச் சொல்லி நிறுத்த ஒரு பொறுப்பாளர் தேவை.

எல்லாவற்றிலும் முதன்மையாக நாங்கள் கேட்பது வழிகாட்டிகளை. சிதறால், அருமனை, மார்த்தாண்டம் பகுதிகளில் வரலாறு படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களையும் இளம்பெண்களையும் தேர்ந்து, கல்வெட்டறிஞர்களைக் கொண்டு பயிற்சி அளித்து, அடையாள அட்டை வழங்கினால், வருவோருக்கு விளக்கமும் ஊராருக்கு வருமானமும் கிடைக்கும். சிற்பங்களைத் தொடுவதையும் பாறையில் பெயர் கிறுக்குவதையும் இதமாகச் சொல்லித் தடுக்கவும் அவர்களே தகுந்தவர்கள். வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டுகளின் வாசகத்தை இன்றைய தமிழில் எழுதிய பலகைகளை, தொல்லியல் துறையின் இசைவோடு பாதையோரத்தில் வைக்கவும் வேண்டுகிறோம். மாவட்டப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இங்கு வந்து பார்க்க வகைசெய்தால் நன்று.

2024 டிசம்பரில் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைக் காணக் குமரிமுனைக்கு வருவோர் பலர், கடலைப் பார்த்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களை மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கும் அழைத்துவர, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி ஆகியவற்றோடு சிதறாலையும் இணைத்து, விடுமுறை நாள்களில் நாகர்கோவிலிலிருந்து அரசுப் பேருந்து இயக்கப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மேற்கண்டவை குறித்து முடிவெடுக்கும் முன், தொல்லியல் துறை, சுற்றுலாத் துறை, ஊராட்சி ஆகியவற்றின் அலுவலர்களோடு தாங்கள் ஒருமுறை நேரில் மலையைப் பார்வையிட்டு, அடிவாரத்தில் வசதிகளுக்கு ஏற்ற இடத்தை அடுத்த மழைக்காலத்துக்கு முன் தெரிவுசெய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அன்று ஊர்மக்கள் சார்பில் நாங்களும் உடன் வந்து இடங்களைக் காட்டக் காத்திருக்கிறோம்.

இடம்: சிதறால்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிதறால் சுற்றுவட்டார ஊர்மக்கள்