பிரஷர் பற்றித் திருக்கோவில் ஊர் மச்சானுக்கு ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல் வீடு வந்து சேர்ந்தது சந்தோஷம். நெல் விலை அறுப்போடு விழுவது புதினமில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய்: கிளினிக்கில் பிரஷர் 158/96 என்றார்களாம், தலையிடி ஒன்றும் இல்லாதபடியால் லொசார்டன் என்ற பிரஷர் குளிசையை விட்டுவிட்டாயாம். இந்தப் பதில் அதற்குத்தான்.

தலையிடியை வைத்துப் பிரஷரை அறிய ஏலாது. மேல் எண் 160, 170 இருந்தும் ஒரு குறியும் இல்லாமல் திரிபவர்கள்தான் அதிகம். ஆனால் உள்ளே இரத்தக் குழாய்களின் சுவர் தடித்து விறைக்கும். அந்த எதிர்ப்பை மீறித் தள்ளுவதால் இதயத்தின் இடப்பக்கத் தசை தடிக்கும். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகள் தழும்பேறும். மூளைக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பாரிசவாதம். பத்து இலட்சம் பேரின் விவரங்களைத் திரட்டி 2002 இல் வந்த ஆய்வொன்றின்படி, 40 முதல் 69 வயது வரை, 115/75 இற்கு மேல் ஒவ்வொரு 20/10 ஏறும்போதும் பாரிசவாதத்தாலும் மாரடைப்பாலும் சாகும் வாய்ப்பு இரட்டிக்கிறது.

அதுக்காக அந்த 158 ஐ அப்படியே நம்பவும் வேண்டாம். வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய், பிளேன்டீ குடித்து, பக்கத்து ஆளோடு கதைத்தபடி கையை நீட்டினால் யாருக்கும் ஏறித்தான் காட்டும். வீட்டில் எடு. மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், மேற்கையில் கட்டுவது வாங்கு. அதற்கு முன் தையல் நாடாவால் மேற்கையின் நடுவைச் சுற்றி அள. சாதாரணப் பட்டி பெரும்பாலும் 22–32 சென்ரிமீற்றர் கைக்குத்தான். பருத்த கையில் சின்னப் பட்டியைக் கட்டினால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

எடுப்பதற்கு அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணி, சிகரட் கூடாது. மூத்திரம் போய்விட்டு வா. முதுகு சாய்த்து, பாதம் நிலத்தில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா இரு. கை மேசையில், பட்டி நெஞ்சு மட்டத்தில், சட்டைக்கு மேலால் அல்ல. கை 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தாலே 8 அளவில் கூடும். வாயைத் திறக்காதே (உனக்குக் கஷ்டம்தான்). காலையில் குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன், இரவில் படுக்க முன், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம். ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றதுக்குச் சராசரி பார். கிளினிக்கில் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85. அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினால் டொக்டருக்கும் தீர்மானிக்க லேசு. குளிசையை விட்டதையும் அவரிடம் மறைக்காதே. இருமலோ கால் வீக்கமோ வந்தால் மருந்தை மாற்றலாம், நீயாக நிறுத்துவதுதான் பிழை.

உனக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. வெட்டு முடிந்த நாரி நோவுக்கு டைக்குளோபினாக் போடுவாய் என்று தெரியும். அது உடம்பில் உப்பையும் தண்ணியையும் பிடித்து வைத்துப் பிரஷரை ஏற்றும். லொசார்டனும் மூத்திரம் போக வைக்கும் குளிசையும் எடுப்பவர், வயல் வெயிலில் வேர்த்து வற்றிய நேரம் அதையும் போட்டால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். பனடோல் போதும். வயிற்றோட்டம், வாந்தி வந்தால் குளிசையை ஓரிரு நாள் தள்ளலாமா என்று கேட்டுக்கொள்.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராம், மட்டமான ஒரு தேக்கரண்டி. பாண், பப்படம், ஊறுகாய், சோஸ், கோழிச் சூப் கட்டி எல்லாம் அந்தக் கணக்கில்தான். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டாலும் உப்பு முழுக்கப் போகாது, கறிக்கு வேறாக உப்புப் போட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல். தேசிக்காய்ப்புளியும் மிளகும் கூட்டினால் நாக்கு சில கிழமையில் பழகும். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். லொசார்டனோடு கேட்காமல் தொடாதே.

180/120 கண்டால் 5 நிமிடம் இருந்து திரும்ப எடு. அப்படியே நின்றால் அன்றைக்கே டொக்டர். நெஞ்சு நோவு, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் இழுப்பு, இதில் ஒன்று சேர்ந்தால் உடனே 1990 அம்புலன்சுக்கு அடி. பாரிசவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் கிடைக்கும். அக்கம்பக்கத்தார் பிரஷரைக் குறைக்கவென்று நாக்குக்குக் கீழே குளிசை வைக்க வந்தால் விடாதே. பிரஷர் சடாரென விழுந்தால் மூளைக்குப் போதிய இரத்தம் போகாது.

மகளுக்கு ஏழாம் மாதம் என்று எழுதியிருக்கிறாய். அவளின் கணக்கு வேறு. 140/90 வந்தாலே, தலையிடியோ கண் மங்கலோ மேல்வயிற்று நோவோ இருந்தாலே, அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. உன் லொசார்டனை அவளுக்கு எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது, வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அன்புடன்,
உன் மச்சான்