உடைந்த ஃபீடர் ராடை (தூண்டில் கோலை) உத்தரவாதப்படி மாற்றித் தராமல் ஏழு வாரங்களாக அலைக்கழிப்பது குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், ஈரோடு.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 10.03.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த டிசம்பர் மாதம் உங்கள் இணையதளத்தில் 8,400 ரூபாய் செலுத்தி நான் வாங்கிய பன்னிரண்டு அடி ஃபீடர் ராடு (இரை அடைத்த சிறு கூட்டை நரம்பில் கோத்து எறியும் தூண்டில் கோல்), நான்காவது முறை ஏரிக்குக் கொண்டு சென்ற அன்றே, 19.01.2025 ஞாயிற்றுக்கிழமை காலையில், நடுத்துண்டில் முறிந்தது. ஓராண்டு உத்தரவாதம் உள்ள பொருள் அது. முறிந்த மறுநாளே புகாரைப் பதிவு செய்தேன். இன்றோடு ஏழு வாரங்கள் ஆகிவிட்டன. ராடும் வரவில்லை, பணமும் வரவில்லை, பொறுப்பான ஒரு பதிலும் வரவில்லை. இதற்கு முன் நான் அனுப்பிய ஐந்து மின்னஞ்சல்களும் யார் கண்ணிலும் படவில்லை என்று தெரிவதால், எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

அன்று நடந்தது இதுதான். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் உள்ள ஒரு ஏரியில், மீன்பிடிக் குத்தகை எடுத்தவரிடம் முறையாகப் பணம் கட்டி அனுமதி பெற்று, விடியும் முன்பே கரையில் உட்கார்ந்திருந்தேன். வறுத்து இடித்த கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து ஃபீடர் கூட்டில் அடைத்து, முள்ளில் மைதாவும் ரவையும் கலந்த உருண்டையைக் கோத்து, நாற்பது கிராம் எடையில் எறிந்திருந்தேன். தொண்ணூறு கிராம் வரை எறியலாம் என்று உங்கள் ராடின் மேலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். தூண்டில் நரம்பு ஐந்து கிலோ தாங்கும் புது நரம்பு. ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானத்தை, கண்மதிப்பில் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டிலேயே ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்து, ஒன்றரைக் கிலோவில் நரம்பு வெளியேறும்படி வைத்திருந்தேன். ஆறரை மணிக்குக் குவிவர் டிப் (மீன் கடிப்பதைத் துடித்துக் காட்டும் மெல்லிய முனை) இரண்டு முறை மெல்லத் துடித்து, பிறகு ஒரேயடியாக வளைந்து நின்றது. நல்ல ரோகு. எட்டுக் கிலோவுக்குக் குறைந்திருக்காது. பத்துக் கிலோவாக இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். இருபது மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு நடு ஏரியை நோக்கி ஓடிய மீன், திரும்பி வருவதற்குள், பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். நடுத்துண்டு அடித்துண்டில் செருகும் இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே ராடு இரண்டாகப் போயிற்று. மேல்பாதி நரம்பின் வழியே வழுக்கித் தண்ணீருக்குள் இறங்க, முறிந்த விளிம்பில் உரசி நரம்பும் அறுந்தது. கரையோரத் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கித்தான் அந்தப் பாதியை மீட்டேன். ஃபீடரை நரம்பில் ஓடும்படி கோத்திருந்ததால் அது கழன்றிருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அந்த மீன் நாற்பது கிராம் எடையைச் சுமந்துகொண்டு வேலமரத் தூர்களில் சிக்கிச் செத்திருக்கும். பிடிக்கும் மீனைப் பெரும்பாலும் திரும்ப விடுகிறவன் என்ற முறையில், இது என்னை இன்றும் உறுத்துகிறது.

உங்கள் பிரிவில் இருந்து எனக்குக் கிடைத்த ஒரே விளக்கம், ராடை நான் நேர்க்குத்தாக நிமிர்த்திப் பிடித்திருப்பேன், அதனால்தான் முறிந்திருக்கும் என்பது. ராடு தயாரித்து விற்கும் நிறுவனத்தில் இருப்பவர்கள் இதைச் சொல்லலாமா? நேர்க்குத்தாகவோ பின்பக்கம் சாய்த்தோ பிடித்தால் பாரம் முழுவதும் மேல்முனைக்குப் போகும், அப்போது உடைவது முனைத்துண்டு. எனக்கு உடைந்தது நடுத்துண்டின் கீழ்ப்பகுதி. குவிவர் டிப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை. டிராக் ஒன்றரைக் கிலோவில் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஐந்து கிலோ நரம்புக்கு ஆபத்து வரவில்லை. உங்கள் ராடுக்கு மட்டும் எப்படி வந்தது? முறிந்த வாயை நண்பரின் லேத் பட்டறையில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தோம். குழாயின் சுவர் ஒருபக்கம் 1.1 மில்லிமீட்டர், நேர் எதிர்ப்பக்கம் 0.4 மில்லிமீட்டர். ராடின் குழாயைச் செய்யக் கார்பன் துணியைச் சுற்றும்போதே நேர்ந்த குறை அது. என் கையில் நேர்ந்தது அல்ல. இந்த அளவுகளைப் புகைப்படத்துடன் 20.01.2025 அன்றே அனுப்பினேன். அதோடு, கூடவே வந்த இரண்டாவது டிப் முதல் நாளிலிருந்தே சரியாகப் பொருந்தவில்லை, அரை அங்குலம் மட்டும் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது என்பதையும் தெரிவித்தேன். அதைப் பற்றி யாரும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அழைப்போம் என்றார்கள்; நான்கு நாட்கள் கழித்து நானே அழைத்தேன். முறிந்த துண்டுகளைச் சென்னைக் கிடங்குக்கு அனுப்பச் சொன்னார்கள். நீளமான பொட்டலத்தை இரண்டு கூரியர் அலுவலகங்கள் வாங்க மறுத்தன. பிவிசி குழாய் வாங்கி, அறுத்து, இரு பக்கமும் மூடி போட்டு, மூன்றாவது இடத்தில் 27.01.2025 அன்று அனுப்பினேன். 30.01.2025 அன்று உங்கள் கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ரசீது என்னிடம் இருக்கிறது. அப்படியிருந்தும் 04.02.2025 அன்று தொலைபேசியில் பேசிய ஊழியர், அப்படி ஒரு பொட்டலம் வரவே இல்லை என்றார். ரசீதைப் படித்துக் காட்டியதும் அவர் சொன்னது இது: "சார், ராடைப் பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ராடு உடையாது. உங்க ஊர் ஏரிக்கு ஒரு மூங்கில் குச்சி போதுமே, இதையெல்லாம் ஏன் சார் வாங்குறீங்க?" பெயரைக் கேட்டேன். "பேரெல்லாம் சொல்ல மாட்டோம்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஐயா, எனக்கு வயது ஐம்பத்தொன்று. மூங்கில் குச்சியில் தொடங்கியவன்தான் நான், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் குறைவும் இல்லை. என் தந்தையார் முற்றிய கல்மூங்கிலாகப் பார்த்து வெட்டி, அடுப்படிப் பரணில் மாதக்கணக்கில் புகையில் போட்டு, வளைவைத் தீயில் காட்டி நிமிர்த்திக் கொடுத்த குச்சியில், மயில்பீலித் தண்டை மிதப்பாகக் கட்டிக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்தேன். பதினொரு வருடம் அந்தக் குச்சி உடையவில்லை. இங்கிலாந்தில் குளத்து மீனுக்கும் ஆற்று மீனுக்கும் தூண்டில் போடுகிறவர்களும் அதே மயில்பீலித் தண்டைத்தான் மிதப்பாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஃபீடர் முறையும் அங்கிருந்து வந்ததுதான். கரையிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி, ஒவ்வொரு எறிதலிலும் முள்ளின் பக்கத்திலேயே இரையைக் கொட்டி, முனையின் துடிப்பைப் பார்த்து மீனை அறியும் அந்த முறை நம் ஏரிகளின் ரோகுக்கும் மிர்காலுக்கும் அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதால்தான், இரண்டு வருடம் சேமித்து உங்கள் ராடை வாங்கினேன். அப்படி வாங்கியவனை, பிடிக்கத் தெரியாதவன் என்று உங்கள் சம்பளம் வாங்கும் ஒருவர் எப்படிச் சொல்லலாம்? உங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவு செய்யப்படுவதாக ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள். அந்த நாளின் பதிவை, தயவுசெய்து, நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

அன்று மாலையே வேறொருவர் அழைத்து, மிகவும் மரியாதையாகப் பேசி, மீதமுள்ள துண்டுகளையும் ரீலையும் எடுத்துக்கொண்டு 08.02.2025 சனிக்கிழமை கோயம்புத்தூர் சேவை மையத்துக்கு வந்தால் கையோடு புது ராடு தந்துவிடுவதாகச் சொன்னார். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். நான்கடி நீளப் பையைப் பேருந்தில் நிற்க வைக்கவும் முடியாமல் படுக்க வைக்கவும் முடியாமல், மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு காந்திபுரம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஆட்டோவில் உங்கள் மையத்தை அடைந்தபோது, இழுத்த ஷட்டரின் முன்னால் காவலாளி மட்டும் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையாம். வரச் சொன்னவருக்கு அது தெரியாதா? சேவை எண்ணுக்கு ஒன்பது முறை அழைத்தேன். காத்திருங்கள் என்ற இசையைத் தவிர எதுவும் கேட்கவில்லை. எப்படியாவது யாராவது வருவார்கள் என்று பகல் ஒரு மணி வரை அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காவலாளி தம்முடைய தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். இந்த ஏழு வாரங்களில் உங்கள் நிறுவனத்தின் வாசலில் எனக்குக் கிடைத்த ஒரே உதவி அது.

முன்பே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று: 24.01.2025 அன்று பேசியவர், முறிந்த துண்டுகள் கிடங்குக்கு வந்த மூன்றாம் நாள் முடிவு தெரியும் என்று உறுதியளித்தார். அந்த முடிவு எழுத்தில் எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் 01.03.2025 அன்று "உங்கள் புகாருக்குத் தீர்வு வழங்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. என்ன தீர்வு? யாருக்கு வழங்கினீர்கள்?

நான் இழந்தது 8,400 ரூபாய் மட்டும் அல்ல. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தண்ணீர் தெளிந்து நிற்கும் தை, மாசி மாதங்கள்தான் எங்கள் பக்கத்து ஏரிகளில் தூண்டிலுக்கு உகந்த காலம். பங்குனி பிறந்தால் தண்ணீர் இறங்கும்; குத்தகை, ஜூலையில் தொடங்கும் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டோடு, ஜூன் 30-ஆம் தேதி முடிவதால், அதற்குள் குத்தகைதாரர் பெருவலை போட்டு ஏரியை அரித்துவிடுவார். ஆகவே இந்த ஆண்டு எனக்கு முடிந்துவிட்டது. அப்படி ஒரு ரோகு என் முள்ளில் இனி என் ஆயுளில் ஏறப் போவதில்லை. கூரியர், குழாய், பேருந்து, ஆட்டோ, குத்தகைதாரருக்குக் கட்டிய அனுமதிப் பணம், மூன்று நாள் வேலை இழப்பு என்று கணக்குப் போட்டால் ராடின் விலையையே தாண்டிவிடும். இவற்றோடு என் மன உளைச்சலுக்கும் அவமானத்துக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் கேட்டாலும் தகும் என்றே கருதுகிறேன்.

ஆனாலும் நான் வழக்காட விரும்புகிறவன் அல்ல. உங்கள் ரீல்களில் ஒன்றை ஆறு வருடமாக ஒரு பழுதும் இல்லாமல் பயன்படுத்துகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இதையும் வாங்கினேன். எனவே மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்: சுவர்க் கனம் சரிபார்க்கப்பட்ட புதிய ராடையும், பொருந்தும் இரண்டாவது டிப்பையும் என் வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். இருப்பில் இல்லையென்றால் முழுத் தொகையையும் கூரியர் செலவையும் திருப்பித் தாருங்கள். 04.02.2025 அன்று அப்படிப் பேசிய ஊழியரிடமிருந்து எழுத்து மூலமான வருத்தம் எனக்கு வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இனி கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ நான் வர மாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன்பின் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் செய்வேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதும், ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். வெர்னியர் அளவின் படங்கள், கையெழுத்திட்ட கூரியர் ரசீது, இரண்டாம் சனிக்கிழமையின் பேருந்துச் சீட்டு, உங்கள் குறுஞ்செய்தி அனைத்தின் நகல்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். அசல்கள் என்னிடம் உள்ளன. முறிந்த நடுத்துண்டு மட்டும் உங்கள் கிடங்கில் இருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், அது எனக்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும் வாடிக்கையாளர்,
ஈரோடு.