சில்லைப் பார்க்காமல் சைக்கிள் வாங்கிய கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் உங்கள் ஞாயிறு இதழின் ஆரோக்கியப் பக்கத்தில், உடம்பு பெருத்தவர்கள் சைக்கிள் ஓடத் தொடங்கினால் நல்லது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எந்தச் சைக்கிள் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கும் அந்த ஒரு வரியை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சீட்டு எடுத்த காசும் ஏழு மாதமும் மிஞ்சியிருக்கும்.

நான் உப்புவெளியில் வசிக்கும் தையற்காரி. வயது 46. சைக்கிள் வாங்கிய அன்று என் பாரம் 112 கிலோ. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஊரிலுள்ள எல்லாருடைய இடுப்பளவும் கொப்பியில் எழுதி வைத்திருப்பவளுக்குத் தன் அளவைச் சொல்ல என்ன தயக்கம்?

நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் இருக்கிற தொழில். சீனி வருத்தம் வந்தது, முழங்கால் நோவும் கூடவே வந்தது. கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள். நடந்தால் முழங்கால் வீங்கியது. அப்புறம் அங்கிருந்த நேர்ஸ் பிள்ளைதான், "சைக்கிள் ஓடிப் பாருங்கோ அன்ரி, உடம்புப் பாரத்தை சீற் தாங்கும், முழங்காலுக்கு வேலை குறைவு" என்றாள். நல்ல யோசனை. நான் கடைசியாகச் சைக்கிள் ஓடியது ஏ.எல். படிக்கிற காலத்தில். அப்போது 50 கிலோ.

கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று எழுதவில்லை, எல்லாக் கடையிலும் இதுதான் நடக்கும் என்பது என் எண்ணம். கடைத் தம்பி என் உயரத்தைப் பார்த்தார், பெண் என்பதைப் பார்த்தார், என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார். பாரத்தைக் கேட்கவில்லை. மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருப்பார். நான் அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைத்ததில்லை. அன்று மட்டும் என்னை யாரும் அளவெடுக்கவில்லை என்பது எனக்கே உறைக்கவில்லை.

முதலில் பார் இல்லாத பெண்கள் சைக்கிளைக் காட்டினார். ஏறி இருந்து உழக்கிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு பக்கம் போக, பின்பக்கம் இன்னொரு பக்கம் போவது போல நெளிந்தது. மேல் பார் இல்லாத பிரேம் பாரம் கூடினால் கொஞ்சம் முறுகும் என்பது இப்போது தெரியும். அது வேண்டாம் என்றதும் பெரிய மவுண்டன் சைக்கிள் ஒன்றை இழுத்து வந்தார். முன்னுக்கும் ஸ்பிரிங், பின்னுக்கும் ஸ்பிரிங், 21 கியர், டிஸ்க் பிறேக், செம்மஞ்சள் நிறம். "இது நல்ல பலமான சாமான் அக்கா, மலையே ஏறும்" என்றார். பார்க்க ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் மாதிரி இருந்தது. பருமனான ஆளுக்குப் பருமனான சைக்கிள் என்று என் புத்தியும் சொல்லியது. வாங்கிவிட்டேன்.

மலை ஏறியதா? உவர்மலை ஏற்றத்தில் பாதி வழியில் இறங்கி உருட்டினேன். பெடலை மிதிக்க மிதிக்க ஸ்பிரிங் அமுங்கி எழும்புகிறது. காலில் இருக்கிற பலம் சில்லுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்குக்குப் போகிறது. மெத்தை மேல் நின்றுகொண்டு மெஷின் மிதிப்பது எப்படியோ அப்படி. விலை குறைந்த ஸ்பிரிங் எல்லாம் இப்படித்தான், அதுவும் என் போன்ற பாரத்துக்கு அது கடைசிவரை அமுங்கி அங்கேயே நின்றுவிடும்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மூன்றாவது கிழமை காலையில் என் தையல் கடைக்குப் போகையில், நிலாவெளி வீதியில் யுத்த மயானத்துக்குக் கிட்ட, பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம். கல் தெறித்தது என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்சில்லு நெளிந்து நெளிந்து ஓடியது. இறங்கிப் பார்த்தால் ஒரு கம்பி அறுந்து தொங்குகிறது. அதை மாற்றினேன். நாலு நாளில் இன்னொன்று, அதற்குப் பிறகு ஒரே கிழமையில் இரண்டு. வாங்கிய இடத்துக்கே கொண்டுபோனேன். அதே தம்பி சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்கட பாரத்துக்கு இது தாங்காது" என்றார். விற்கும்போது ஏன் அந்த வசனம் அவர் வாயில் வரவில்லை என்று கேட்டேன். பதிலில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் கிடந்த சின்னப் புத்தகத்தை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எல்லாம் ஆங்கிலம், எறும்பு அளவு எழுத்து. ஏழாம் பக்கத்தில் இருந்தது: ஆளும் சாமானும் சேர்த்து 100 கிலோ. நான் 112, கரியரில் தைத்த உடுப்பு மூட்டை ஏழெட்டுக் கிலோ.

அறிவு வந்தது வேறொரு இடத்தில். டவுணில் மரநிழலில் சைக்கிள் திருத்துகிற ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர். அவரிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, சைக்கிளைத் தலைகீழாகப் போட்டுவிட்டுப் பின்சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினார். ஒன்று 'ணங்' என்றது, பக்கத்தில் உள்ளது 'டொக்' என்றது, இன்னொன்று சத்தமே இல்லை. "பிள்ளை, இது கட்டின சில்லே இல்லை, கோத்த சில்லு" என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. தையலில் ஒரு இழை இறுகி அடுத்தது தளர்ந்து இருந்தால், துணியை இழுக்கும்போது இறுகிய நூல் எல்லாப் பாரத்தையும் வாங்கி அறும். சில்லும் அதே கணக்குத்தான். பாரம் ஏறியிருக்கும்போது அடியில் வருகிற கம்பிகள் கொஞ்சம் தளர்கின்றன, மேலே போனதும் மறுபடி இறுகுகின்றன. 26 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு 2 மீற்றர் சொச்சம் போகும், அப்படியானால் ஒரு கிலோமீற்றருக்கு 480 தடவைக்கு மேல். வீட்டிலிருந்து தையல் கடைக்குப் போய்வர எட்டுக் கிலோமீற்றர், ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை கிட்ட ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. கம்பியை இரண்டு கையாலும் மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி முறிப்பதுபோலத்தான். எனக்கு அறுந்தவை எல்லாம் ஒரே இடத்தில் அறுந்தன: அச்சுக்குள் நுழைகிற அந்த வளைவில். கூடுதலானவை செயின் பக்கம். அந்தப் பக்கத்துக் கம்பி மாற்றுவதென்றால் கியர்ப் பற்களையே கழற்ற வேண்டும், கூலியும் கூட. போதாததற்கு நம்முடைய உப்புக்காற்று. துத்தநாகம் பூசிய கம்பி கடற்கரை ஊரில் அந்த வளைவிலேயே கறள் பிடிக்கும் என்றார். துருப்பிடிக்காத உருக்குக் கம்பி கேட்டு வாங்க வேண்டும்.

பெரியவர் எண்ணச் சொன்னார். பின்சில்லில் 28 கம்பி. "மீன்காரன்ர சைக்கிளிலே எத்தனை எண்டு எண்ணிப் பார்" என்றார்.

சத்தியமாக எண்ணினேன். காலையில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற அண்ணையை மறித்து, மீன் வாங்குகிற சாட்டில் குந்தியிருந்து எண்ணினேன். பழைய கறுப்புச் சைக்கிள். முன்னுக்கு 32, பின்னுக்கு 40. பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களின் கணக்கு அது. எங்கள் அப்பாக்கள் காலத்தில் பின் கரியரில் ஒரு மூட்டை அரிசி, முன் பாரில் ஒரு பிள்ளை, ஓடுகிறவர் ஒருவர் என்று போனது இந்தச் சில்லின் மேல்தான். ஸ்பிரிங்கும் இல்லை, கியரும் இல்லை. சைக்கிளில் ஆளின் பாரத்தில் பாதிக்கு மேல் பின்சில்லில்தான் விழுகிறது என்பதை அதைச் செய்தவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அதற்காக எல்லாரும் கறுப்புச் சைக்கிள் வாங்குங்கள் என்று நான் எழுத வரவில்லை. அதுவே பெரும் பாரம், ஒரே கியர். நிலாவெளிப் பக்கம் சமதரையில் சரி, உவர்மலைக்கு என் முழங்கால் சம்மதிக்காது. சோளகக் காற்று எதிர்த்து அடிக்கிற மாதங்களில் சமதரையும் மலைதான். இன்னொன்று, குரோம் பூசிய இரும்பு றிம்மில் மழை பட்டால் பிறேக் வழுக்கும். பாரம் கூடினவர் நிற்பதற்குக் கூடத் தூரம் வேண்டும். மார்கழி மழையில் கோட்டைப் பக்கம் ஒரு மான் வீதிக்கு நடுவில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று அலுமினிய றிம் இருந்தபடியால் நின்றேன். மான் கடைசிவரை அசையவில்லை, அது வேறு கதை. திருகோணமலை மான்களுக்கு யாரைக் கண்டும் பயமில்லை.

கடைசியில் செம்மஞ்சளை வந்த விலைக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குக் கொடுத்தேன். 55 கிலோதான் இருப்பான், அவனுக்கு அது நன்றாகவே ஓடுகிறது. பெரியவர் எனக்கு ஒரு பழைய 26 அங்குலச் சைக்கிள் தேடித் தந்தார். இரும்பு பிரேம், மேல் பார் உண்டு, முன்சில்லைப் பிடிக்கிற கவர் ஸ்பிரிங் இல்லாத நேர்க் கவர், 18 கியர். பின்சில்லை மட்டும் புதிதாகக் கட்டுவித்தேன்: இரட்டைச் சுவர் உள்ள அலுமினிய றிம், 36 கம்பி, 2 மில்லிமீற்றர் உருக்கு. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கட்டினார். கட்டி முடித்து நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு வா, மறுபடி இறுக்கித் தருகிறேன் என்றார், அப்படியே செய்தார். ஒன்றரை வருடமாகிறது. ஒரு கம்பி அறவில்லை. புதுச் சைக்கிளில் பாதிக் காசு முடியவில்லை. மேல் பார் இருப்பதால் ஏறி இறங்கத்தான் முதலில் வெட்கமாக இருந்தது. பஞ்சாபிச் சட்டையின் வெட்டை இரண்டு அங்குலம் கூட்டித் தைத்துக்கொண்டேன். சால்வையை வீட்டிலேயே விட்டுவிடுவேன், சில்லில் சுற்றினால் கழுத்துக்கு ஆபத்து.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்துவிட்டுச் சரி என்கிறார்கள். ரயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்றழுத்தம் என்று இலக்கம் பொறித்திருக்கும். அதை பி.எஸ்.ஐ. கணக்கில் சொல்வார்கள், என்னுடையதில் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. மெலிந்தவர் 40 விட்டுக்கொண்டு சுகமாகப் போகலாம். நான் பின்னுக்கு 60, முன்னுக்கு 50. முன்பு காற்றுக் குறைவாக ஓடி, பள்ளத்தில் விழும்போதெல்லாம் ரியூப்பில் பாம்பு கடித்ததுபோலப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் நசிபடுகிற அடையாளம் அது. ரயரும் அகலமாக இருக்க வேண்டும், இரண்டு அங்குலத்துக்குக் கிட்ட.

சீற் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனம் என் தொழிலுக்கே இழுக்கு. பெரிய உடம்புக்குப் பெரிய மெத்தை சீற் என்று தேடி வாங்கினேன். அரை மணித்தியாலத்தில் தொடை உரசிப் புண். இடுப்பளவு வேறு, இருக்கிற எலும்பின் அளவு வேறு என்று பிறகுதான் யோசித்தேன். நாம் இருப்பது இரண்டு எலும்பின் மேல், அதன் அகலம் சதையோடு கூடுவதில்லை. கடின கதிரையில் ஒரு காட்போட் மட்டையைப் போட்டு, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து இருந்து எழும்பினால் இரண்டு குழி விழும். நாடா வைத்தேன்: நடுவுக்கு நடு பதின்மூன்றரை சென்ரிமீற்றர். அதைவிடக் கொஞ்சம் அகலமான, இறுக்கமான சீற் போட்டேன். இப்போது இருப்பது தெரியவில்லை. உயரத்தையும் சொல்கிறேன்: பயத்தில் இரண்டு காலும் நிலத்தில் முட்டுகிற மாதிரிச் சீற்றைத் தாழ்த்தி வைத்தால் முழங்கால்தான் பழிவாங்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். ஒரே நாளில் உயர்த்தாமல் கிழமைக்கு ஒரு விரல்கடை உயர்த்தினேன். சீற் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் இழுக்கக் கூடாது. பாரமான ஆளுக்குத் தண்டு அங்கேதான் முறியும்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் என்று கியூஆர் குறியீட்டைப் பார்த்து அளந்து கொடுத்த நாட்களில் ஊர் முழுக்கச் சைக்கிள் வாங்கியது. இன்று எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு வீட்டுப் பின்தாழ்வாரத்தில் நெளிந்த சில்லோடு சைக்கிள் சாத்தியிருக்கிறது. அதில் மூன்று பேர் என் உடம்புவாசிக்காரர். தங்களுக்குச் சைக்கிள் சரிவராது என்று முடிவெடுத்துவிட்டார்கள். பிழை அவர்களில் இல்லை.

லொறிக் கதவில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று எழுதுகிறார்கள். பஸ்ஸில் எத்தனை பேர் என்று எழுதுகிறார்கள். சைக்கிளில் மட்டும் ஏழாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒளித்து வைப்பது ஏன்? பிரேமில் ஒரு சின்ன ஒட்டுத்தாள், தமிழிலும் சிங்களத்திலும், இத்தனை கிலோ, பின்சில்லில் இத்தனை கம்பி என்று. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை நினைத்தால் முடியாத காரியமா? கடைத் தம்பிமாரும் பாரத்தைக் கேட்கப் பழக வேண்டும். நாங்கள் கோபிக்க மாட்டோம். கோபிப்பது வழியில் 'டிங்' என்ற பிறகுதான்.

என் பாரம் இப்போது 108. கட்டுரைக்காரர் எதிர்பார்க்கிற குறைவு அல்ல. முழங்கால் வீக்கம் போய்விட்டது, விடிய ஐந்தரைக்கு சாம்பல்தீவுப் பாலம்வரை போய்வருகிறேன். அறுந்த கம்பிகள் ஏழும் என் ஊசிப் பெட்டிக்குள் இருக்கின்றன. புதுச் சைக்கிள் வாங்கப் போகிற வாடிக்கையாளர் யாராவது அளவு கொடுக்க வந்தால், அவற்றை மேசையில் கொட்டி அந்த வளைவைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
உப்புவெளி, திருகோணமலை.