அம்மாவின் பச்சைச் சேலை

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பா,

நலம்தானே? நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் உன் அம்மா, பின்னால் ரப்பர் பால்மரக்காடு. அந்தக் காடு இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயம் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. மற்றபடி ஊர் அப்படியேதான் இருக்கிறது, டீக்கடையில் என் பாக்கி உட்பட.

படம் செம்மண்ணில் புரட்டியதுபோல் சிவந்துவிட்டது. அந்தக் காலத்துக் கலர்ப் படங்களை ஆல்பத்துக்குள் பூட்டி வைத்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும்.

சேலைக்குப் பழைய பச்சையைத் திரும்பக் கொடுக்க, அதை மட்டும் பிரித்தெடுக்க போட்டோஷாப்பில் மேஜிக் வாண்டை வைத்தேன். தொட்ட இடத்தின் நிறத்தை ஒத்த பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கருவி அது. எவ்வளவு நிற வேறுபாடு வரை சேர்க்கலாம் என்று சொல்லும் டாலரன்ஸ் எண் வழக்கமான 32. முந்தானையில் ஒரு திட்டுதான் பிடிபட்டது. மடிப்புகளின் நிழல் வெளியே நின்றது. தேர்வைப் பெரிதாக்க 'சிமிலர்' கட்டளை கொடுத்தேன். அது படம் முழுக்க அதே நிறத்தைத் தேடும். பால்மர இலை, வாசலில் கிடந்த வாளி எல்லாம் சேலையோடு சேர்ந்துகொண்டன. அடுத்து 'குரோ' கட்டளை. அது தேர்வைத் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளிகளை மட்டும்தான் சேர்க்கும். ஆனால் தோளருகே ஓர் இலை சேலையை உரசுகிறதே, அந்த வழியாகக் காட்டுக்குள் புகுந்துவிட்டது.

அரை நாள் போன பிறகுதான் புத்தி வந்தது. இரண்டு கட்டளைகளும் வாண்டின் டாலரன்ஸ் எண்ணைப் பார்த்தே நடக்கின்றன. இத்தனை வருடம் ஸ்டூடியோ நடத்தியும் அதைக் கவனிக்கவில்லை! முதலில் சிவப்பைக் குறைத்தேன்; அது ஏறியிருந்ததால்தான் இலையும் சேலையும் ஒரே பழுப்பாகத் தெரிந்தன. பிறகு டாலரன்ஸை 10க்கு இறக்கி, குரோவை நாலைந்து முறை கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ந்த நிறத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நகர்ந்து, மடிப்பு மடிப்பாக ஏறியது. இலைப் பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, கையால் வளைத்து வரைந்து தேர்ந்தெடுக்கும் லாசோவால் அதைக் கழித்தேன். மகன் 'எக்ஸ்பாண்ட்' போதும் என்றான். அது நிறத்தைப் பார்க்காது. விளிம்பை இத்தனை பிக்சல் என்று வெளியே தள்ளும். அவன் பேச்சைக் கேட்டிருந்தால் அம்மாவின் கழுத்தும் பச்சையாகியிருக்கும்.

சேலை முடிந்தது, கரைதான் பாக்கி. ஒரு சமயம் அரக்காகத் தெரிகிறது, ஒரு சமயம் ஊதாவாக. உன் அக்காவிடம் கேட்டு எழுது. உன் ஞாபகத்தை நம்பமாட்டேன். கோயில் திருவிழாவில் அடுத்த வீட்டு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நீ.

அன்புடன்,
உன் ஸ்டூடியோக்காரன்