ஓட்டேரித் தும்பாக்கள்: கொடுத்தவர்களுக்கும் கொடுக்க மறுத்தவருக்கும் நன்றி

வடசென்னைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஓட்டேரிப் பக்கம் ஒரு சந்தில் இயங்கி, மூடிப் பல ஆண்டுகளாகிவிட்ட பட்டறையின் தும்பாக்களை, அதாவது கையால் தட்டி வாசிக்கும் நெட்டை மேளங்களை, தேடி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவன் நான்தான். பரணில் ஏறினேன், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், கொலு பொம்மைப் பெட்டிகளையெல்லாம் நகர்த்தச் சொன்னேன். யாரும் விரட்டவில்லை. இன்று பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் அந்தப் பட்டறையின் ஒன்பது கட்டைகள் நிற்கின்றன. உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். பட்டறைக்காரர் குடும்பமும் அதையே கேட்டுக்கொண்டது. ஆகவே பேட்டையையும் உறவையும் வைத்தே எழுதுகிறேன். உரியவருக்குப் புரியும்.

முதல் நன்றி பெரம்பூர் ஆன்ட்டிக்கு. அவருடைய கணவர் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நடன இரவுகளில் வாசித்தவர். அவர் காலமான பிறகு, ஆன்ட்டி அந்தத் தும்பாவின் மேல் பூவேலை செய்த துணியை விரித்துத் தொலைபேசியை வைத்திருந்தார். விலை பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "முதலில் வாசித்துக் காட்டு" என்றார். வாசித்தேன். "தாளம் நிற்கிறது, கைதான் கனம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காசு வாங்காமல் கொடுத்தார். அலமாரியிலிருந்து ஒரு சாவியையும் எடுத்துத் தந்தார். அந்தச் சாவியின் அருமை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓட்டேரிப் பட்டறை சதுர நட்டுகளைப் போட்டது. கடையில் விற்கும் எந்த ஸ்பானரும் அவற்றைச் சரியாகப் பிடிக்காது. இன்று ஒன்பதும் சுதியோடு நிற்பது அந்த ஒரு சாவியின் தயவு.

வயதில் இளையவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நாம் தும்பா என்று அழைப்பது கியூபாவின் காங்காவைத்தான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அங்கே உருவாக்கிய வாத்தியம். தொடக்கத்தில் பீப்பாய்ப் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, வாயில் தோலை ஆணியடித்து இறுக்கினார்கள். சுதி இறங்கினால் நெருப்பில் காட்டுவார்கள். இரும்பு வளையமும் கொக்கியும் நட்டும் பின்னால் வந்தவை. 1960-களில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் லத்தீன் தாளங்கள் கேட்கத் தொடங்கியதும், கல்யாண மேடைகளில் வாசித்த நம் மெல்லிசைக் குழுக்களுக்கும் அந்த ஓசை தேவைப்பட்டது. வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்வது எளிதாக இல்லாத காலம். ரயில் பெட்டிக்கு மரவேலை செய்த கை ஒன்று அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தது. அதுதான் நம் பட்டறை. லாஸ் ஏஞ்சலீஸில் 1954-இல் மரியானோ போபடியா தொடங்கிய கான் பாப்ஸ் போன்ற பட்டறைகளின் பழைய காங்காக்களுக்கு உலகம் முழுவதும் தேடல் உண்டு. பெயர்ப்பலகைகூட வைக்காத ஓட்டேரிக்காரருக்கு நம்மை விட்டால் யார்?

பெயர் இல்லாத பொருளை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டவர்கள் பலர். அதற்கு விடை தந்தவர் பட்டறைக்காரரின் மகள். அக்கா தன் அப்பாவின் அச்சுப் பலகைகளை விறகாக்காமல் வைத்திருந்தார். பலகையைத் தும்பாவின் வயிற்றில் வைத்துப் பார்த்தால் வளைவு அப்படியே பொருந்தும். பொருந்தாதது வேறு கை செய்தது. கட்டைக்குள் விளக்கைப் பிடித்துப் பார்க்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைத்த தேக்கில்தான் அப்பா வேலை செய்வாராம். அதனால் பலகைகளில் பழைய ஆணித் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சிறு மர முளையால் அடைத்து இழைத்திருப்பார். வெளியே சாயத்தில் மறைந்துவிடும், உள்ளே தெரியும். எந்த வீட்டு உத்திரமோ, எந்த வாசற்கதவோ! இரண்டு தும்பாக்களை இந்த அடையாளத்தை வைத்தே போலி என்று ஒதுக்கினேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது, வியாசர்பாடியில் ஒரு வீட்டில் எனக்காக எடுத்து வைத்திருந்த பெரிய தும்பா வெள்ளத்தில் நின்றது. நீர் வடிந்து நான் போய்ப் பார்த்தபோது இரும்புப் பட்டைகளுக்குள் பலகைகள் ஒன்றையொன்று விட்டு விலகிக் கிடந்தன. தங்கள் அரிசியும் துணிமணியும் நாசமாகியிருந்த நிலையில் அந்த வீட்டார் என்னிடம் வருத்தம் தெரிவித்தார்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

தச்சர்கள் சிலர் அதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். காசிமேட்டில் மரப் படகு கட்டிய பெரியவர் ஒருவர்தான் ஒரு பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்து, "வச்சிரம் போட்டிருக்கிறான், பிழைத்துக்கொண்டாய்" என்றார். தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பழைய பசை வெந்நீரில் இளகிவிடும். வெள்ளம் பிரித்ததை வெந்நீரால் முழுதாகப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, பலகைகளை நிழலில் பாரம் வைத்து உலர்த்தினார். அவசரப்படுத்தியபோதெல்லாம் திட்டு வாங்கினேன். புதுப் பசையைப் போடலாமே என்றதற்கு, "நாளைக்கு இன்னொருவன் பிரிக்க வேண்டாமா?" என்று மறுபடியும் வச்சிரத்தையே காய்ச்சினார். கயிற்றைச் சுற்றிக் கட்டி, அதில் ஒரு கழியைச் செருகி முறுக்கி முறுக்கி அவர் பலகைகளை நெருக்கியதைப் பார்க்கக் காசிமேட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஐயா, ஒன்பதில் அடி ஓசை ஆழமாக விழுவது நீங்கள் கட்டியதில்தான்.

தோலுக்குப் புளியந்தோப்பு அண்ணனுக்கு நன்றி. பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் தேடிச் சலித்துப்போயிருந்தேன். செருப்புக்கும் பைக்கும் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும். தும்பாவில் கட்டினால் ஊமையாகிவிடும். பதனிடாத எருமைத் தோல் வேண்டும். மயிர் நீக்கி, ஊறவைத்து, ஈரத்தோடு வளையத்தில் மடித்துக் கட்டி, நிழலில் காயவிட வேண்டும். அண்ணன் தோலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, முதுகெலும்பு ஓடிய கோடு வாயின் நடுவில் வருமாறு வெட்டித் தந்தார்.

ராயபுரத்துத் தேவாலயப் பாடகர் குழு, கிறிஸ்துமஸ் கீத பவனிக்குத் தும்பா தேவைப்பட்டால் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு ஒரு ஜோடியைத் தந்தது. நிச்சயம் கொண்டுவருவேன். வாடகை கேட்காத லோடு ஆட்டோ தம்பிக்கும், மூன்றாவது மாடியிலிருந்து தூக்கி இறக்கிய திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கும் நன்றி.

எனக்குத் தர மறுத்த பெரியவர் ஒருவரும் உண்டு. மெல்லிசை மேடைகளில் வாசித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். 1985-இல் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த ஆக்டபேடு என்ற மின்னணுத் தாளக் கருவியும் அதன் வழிவந்த ரிதம் பேடுகளும் நம் மேடைகளுக்கு வந்து சேர்ந்ததும் அவருக்கு அழைப்பு குறைந்தது. பட்டறைக்கும் அதே கதிதான். தும்பாவைக் கேட்டேன். "நான் இருக்கும்வரை கிடையாது" என்றார். அளந்துகொள்ள மட்டும் அனுமதித்து, உள்ளங்கைக்கும் விரலுக்கும் நடுவே ஓசை எங்கே மாறுகிறது என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். ஆன்ட்டி சொன்ன கை கனம் கொஞ்சம் குறைந்தது அங்கேதான். கிடைக்காத அந்தத் தும்பாவுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பொருள் விற்கும் ஒருவர் இரண்டு ஓட்டேரிக் கட்டைகளைக் குறுக்கே அறுத்து, உணவகத்துக்கு முக்காலியாக விற்றுவிட்டார். அவரை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

இனி நடைமுறை. இவை விற்பனைக்கு அல்ல. ஞாயிறு மாலைகளில் யார் வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், தோல் கிழிந்தால் புளியந்தோப்பு அண்ணனுக்கு யார் பதில் சொல்வது? பள்ளி விழா, திருவிழா, கச்சேரி எதுவானாலும் இரவலாகத் தருவேன். நடுக்கட்டையும் பெரிய கட்டையும் போதுமான அளவு சேர்ந்துவிட்டன. பதினோரு அங்குல வாய் கொண்ட சின்னக் கட்டை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு ஒரு துணை தேவை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து பரணில் ஒரு முறை பாருங்கள். சதுர நட்டு இருந்தால் சொல்லி அனுப்புங்கள், சாவியோடு வருகிறேன்.

நன்றியுடன்,
பழைய வண்ணாரப்பேட்டைத் தும்பாக்காரன்